டயாலிசிஸ் இல்லாத அந்த 2 நாள்... ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் என்ன ஆகும்?

மரக்காணம், வானூர் பக்கம் வெயில் ஏறிவிட்டால் முதலில் கை போவது இளநீருக்குத்தான். "இளநீர் தானே, உடம்புக்கு நல்லதுதானே" என்பார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இந்த கணக்கு அப்படியே மாறிவிடும். காரணம், பொட்டாசியம்.

தசையும் இதயமும் சீராக இயங்க பொட்டாசியம் வேண்டும். ஒரு லிட்டர் ரத்தத்தில் 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடுவதால், அடுத்த டயாலிசிஸ் வரை அது ரத்தத்திலேயே சேரும். அளவு மிக அதிகமானால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, திடீரென நின்றே போகலாம். பல நேரங்களில் முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் இதில் பயமே.

குறைந்தாலும் ஆபத்துதான். அமெரிக்காவில் 81 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து 2007-ல் வெளியான ஆய்வில், டயாலிசிஸுக்கு முன் 4.6 முதல் 5.3 வரை இருந்தவர்களே அதிகம் பிழைத்திருந்தனர். 4-க்குக் கீழும், 5.6-லிருந்து மேலும் மரண அபாயம் கூடியது.

வாரம் 3 முறை டயாலிசிஸ் செய்தாலும் ஒரு இடைவெளி மட்டும் நீளமாக இருக்கும். வெள்ளிக்கிழமை முடித்தால் அடுத்தது திங்கள்தான். இந்த நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில் மரணங்கள் அதிகம் என்று 2011-ல் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வு காட்டியது. நம்ம ஊரில் வாரம் 2 முறை மட்டும் போகிறவர்களும் நிறைய. அவர்களுக்கு இடைவெளி இன்னும் நீளம்.

சரி, சாப்பாட்டில் எதைக் கவனிக்கணும்? இளநீர், வாழைப்பழம், முருங்கைக்கீரை, உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். காயை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஓரளவு குறையும். வேகவைத்த தண்ணீரை ரசத்தில் ஊற்றினால் பயனில்லை.

உப்பிலும் ஒரு சிக்கல் இருக்கு. மரக்காணம் உப்பளத்தில் விளைவது சோடியம் குளோரைடு. கடையில் 'லோ சோடியம்' என்று விற்கும் பாக்கெட்டில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். பிரஷருக்கு நல்லது என்று வாங்கி வந்து, வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருந்தால் அதே உப்பில் அவருக்கும் சமைத்துவிடக் கூடாது. 2025 ஜனவரியில் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமே, சிறுநீரக பாதிப்பு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்று சொல்லிவிட்டது.

கை கால் திடீரெனத் துவண்டாலோ, நெஞ்சு படபடத்தாலோ, குறிப்பாக ஒரு டயாலிசிஸ் தவறியிருந்தால், அடுத்த முறை வரை காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்கு போன் செய்து, டயாலிசிஸ் நோயாளி என்பதை முதலிலேயே சொல்லிவிடணும். இசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்தைக் காக்க கால்சியமும், பொட்டாசியத்தை இறக்க குளுக்கோஸுடன் இன்சுலினும் கொடுப்பார்கள். ஆனால் இவை தற்காலிகம்தான். சேர்ந்த பொட்டாசியம் வெளியேற மறுபடி டயாலிசிஸ்தான் செய்யணும்.