வரிசை தப்பினால் குற்றம், ‘முப்பது’ என்றால் சரி

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஜாவாவில் வலைச் செயலி எழுதியவர்களுக்கு ‘வெப்.எக்ஸ்.எம்.எல்.’ கோப்பு மறந்திருக்காது. எந்த முகவரிக்கு எந்த செர்வ்லெட் (சேவையகத்தில் இயங்கும் ஜாவா நிரல்) பதில் சொல்ல வேண்டும், பயனர் சும்மா இருந்தால் எத்தனை நிமிடத்தில் அமர்வை முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். செர்வ்லெட்டுகள் எல்லாம் முதலில், அவற்றின் முகவரிகள் அடுத்து, அமர்வு நேரம் அதற்கும் பிறகு. வரிசை தப்பினால் சரிபார்ப்பில் கோப்பு தேறாது. ஆனால் அமர்வு நேரத்தை 30 என்று போடாமல் ‘முப்பது’ என்று எழுத்தில் எழுதினால், அதே சரிபார்ப்பு மூச்சு விடாது.

காரணம், அதற்கு விதி வகுத்த டி.டி.டி. என்ற ஆவண வகை வரையறை. 1986இல் ஐ.எஸ்.ஓ. தரமான எஸ்.ஜி.எம்.எல்.லின் பகுதி அது; 1998 பிப்ரவரியில் வந்த எக்ஸ்.எம்.எல். அதைச் சுருக்கி எடுத்துக்கொண்டது. நூல்கள், கையேடுகள் போன்ற ஆவணங்களை மனதில் வைத்து உருவான முறை. அத்தியாயத்தில் தலைப்பு முதலில் வர வேண்டும் என்று சொல்ல அதற்குத் தெரியும். தலைப்புக்குள் இருப்பது எண்ணா, எழுத்தா என்று கேட்கத் தெரியாது.

2001 மே மாதம் டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா, முழு எண், தேதி, ஆம்-இல்லை என்று 44 தரவு வகைகளோடு வந்தது. 2003இல் செர்வ்லெட் தரத்தின் 2.4 பதிப்பு அதற்கு மாறியது. மேல்மட்ட வரிசைக் கட்டாயம் ஒழிந்தது; ‘முப்பது’ மாட்டிக்கொண்டது.

ஆனால் ஸ்கீமா கனத்துவிட்டது என்ற முணுமுணுப்பு உடனே எழுந்தது. ஜேம்ஸ் கிளார்க்கும் ஜப்பானின் முராத்தா மக்கோத்தோவும் தங்கள் தனித்தனி முயற்சிகளை இணைத்து ரிலாக்ஸ் என்.ஜி.யை உருவாக்கினார்கள், 2001 டிசம்பரில் அது ஒயாசிஸ் அமைப்பின் குழு விவரக்குறிப்பாக வெளிவந்தது. அதன் சுருக்க வடிவத்தில் இரு உறுப்புகளுக்கு நடுவே ‘&’ போட்டால் போதும், எது முன்னால் வந்தாலும் சரி.

பிறகு ஜேசன் என்ற தரவு வடிவம் பரவியது. அதன் பெயர்-மதிப்பு இணைகளுக்கு வரிசை என்பதே பொருட்டல்ல. 2009இல் கிறிஸ் சிப் முன்வைத்த ஜேசன் ஸ்கீமா வரைவில் விதியும் ஜேசனிலேயே எழுதப்பட்டது: இது எந்த வகை, கட்டாயமா, குறைந்தபட்சம் எவ்வளவு.

வகையைப் பார்ப்பது எவ்வளவு அவசியம் என்பதை யாமல் என்ற இன்னொரு தரவு வடிவம் காட்டியது. அதன் 1.1 பதிப்பின்படி, மேற்கோள் குறி இல்லாத ‘நோ’ என்ற ஆங்கிலச் சொல் ‘இல்லை’ என்ற தர்க்க மதிப்பு. நார்வேயின் ஈரெழுத்து நாட்டுக் குறியீடும் அதே எழுத்துகள்தான். நாடுகளின் பட்டியலில் ஜெர்மனியும் பிரான்சும் குறியீடாகவே நிற்க, நார்வே மட்டும் ‘இல்லை’ ஆகிவிடும். 2009இல் வந்த 1.2 பதிப்பு இதைக் கைவிட்டாலும், பைதான் உலகில் பரவலாகப் புழங்கும் பையாமல் இன்னும் பழைய வழக்கிலேயே படிக்கிறது. நாட்டுக் குறியீடு எழுத்துச் சரமாக இருக்க வேண்டும் என்று ஸ்கீமாவில் ஒரு வரி இருந்தால், அந்தக் கோப்பு செயலிக்குள் போகும் முன்பே பிடிபடும்.