லூயிஸ் தீவில் மூன்று நாட்கள்



ஸ்கொட்லாந்தின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு முகங்கொடுத்தபடி கிடக்கிறது லூயிஸ் தீவு. தெற்கே ஹரிஸ் என்று இன்னொரு பெயர் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே நிலப்பரப்புத்தான். மரங்கள் அரிது. காற்று ஓய்வதே இல்லை. மக்களில் பலர் கேலிக் மொழி பேசுகிறார்கள்.

இப்படியொரு மூலைக்கு நான் ஏன் போனேன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பெயர்தான் என்னை இழுத்துச் சென்றது. கேணல் கொலின் மெக்கென்சி என்ற பெயர் அது. தென்னாட்டு வரலாறு படித்தவர்கள் அதை மறக்க முடியாது. கிளாஸ்கோவில் வசிக்கும் என் மருமகனையும் கூட்டிக்கொண்டு, ஒரு வைகாசி மாதம் அல்லாபூல் துறையிலே கப்பல் ஏறினேன். இரண்டரை மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணம். ஸ்டோர்னோவே துறைமுகத்தை நெருங்கும்போது வலப்பக்கத்தில், கரையோடு ஒட்டினாற்போலக் கரும்பாறைகள் சில தெரிந்தன. அலை அவற்றின் மேல் வெள்ளையாய் உடைந்துகொண்டிருந்தது. பயணிகளில் ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்தபடி நின்றார். காரணம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

மெக்கென்சி 1754ஆம் ஆண்டளவில் பிறந்தது இந்த ஸ்டோர்னோவேயில்தான். இங்கே சுங்க அதிகாரியாக வேலை பார்த்துவிட்டு, ஏறக்குறைய முப்பது வயதில், 1783இல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். 1796இல் ஒல்லாந்தரின் கோட்டைகளைக் கைப்பற்ற இலங்கைக்கு வந்த பிரித்தானியப் படையிலும் அவர் பொறியியலாளராக இருந்தார். பின்னர் மைசூர் நாட்டை அளந்தார். 1815இல் இந்தியாவின் முதலாவது தலைமை நில அளவையாளரானார். ஆனால் நாம் அவரை நினைப்பது நிலத்தை அளந்ததற்காக அல்ல. போகும் ஊர்களிலெல்லாம் கணக்கர்களையும் பூசகர்களையும் முதியவர்களையும் விசாரித்து, ஊர் வரலாறுகளை எழுதுவித்தார். காவலி வேங்கட பொரய்யா, அவர் தம்பி இலக்குமையா முதலிய உள்ளூர் அறிஞர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. சேர்ந்த ஏடுகளும் சுவடிகளும் ஏராளம். கல்வெட்டுப் படிகள் மட்டும் 8,000க்கு மேல். அவற்றில் ஒரு பகுதி இன்றும் சென்னையில் உள்ளது. மற்றொரு பகுதி இலண்டனில். அவரோ ஊர் திரும்பவேயில்லை. 1821இல் வங்காளத்தில் இறந்து, கல்கத்தாவில் அடக்கமானார்.

மறுநாள் மேற்குக் கரைக்குப் போனோம். வழியெல்லாம் பீற் எனப்படும் கரிய சதுப்பு மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் மட்கிச் சேர்ந்த மண் இது. இதைக் கட்டி கட்டியாக வெட்டி, வெயிலில் அடுக்கிக் காயவைத்து, அடுப்பெரிக்கிறார்கள். விறகில்லாத தீவுக்கு இதுவே விறகு.

கலனிஷ் என்னும் இடத்தில், ஒரு மேட்டின் உச்சியிலே நிற்கின்றன அந்தக் கற்கள். நடுவில் ஏறக்குறைய 16 அடி உயரமான ஒரு கல். அதைச் சுற்றிப் பதின்மூன்று கற்கள். வடக்கு நோக்கி இரட்டை வரிசையாக ஒரு பாதை. மற்றத் திசைகளிலும் வரிசைகள். மேலிருந்து பார்த்தால் சிலுவை போலத் தோன்றும். ஆனால் கிறிஸ்துவுக்கு 2,600 ஆண்டுகளுக்கும் முன்னரே நடப்பட்டவை இவை. கல்லின் வயதோ ஏறக்குறைய முந்நூறு கோடி ஆண்டுகள். கையை வைத்துப் பார்த்தேன். மரத்தின் வைரம் போல வரி வரியாக ஓடியது. பதினெட்டரை ஆண்டுகளுக்கு ஒரு தடவை, இங்கிருந்து பார்க்கையில், சந்திரன் தெற்கு மலைகளை உரசிக்கொண்டு போவது போலத் தோன்றுமாம். அண்மையில் 2025ஆம் ஆண்டையொட்டி அது நிகழ்ந்தது.

ஒரு செய்தி என்னை நிறுத்தியது. 1857இல்தான் இக்கற்களின் முழு உயரமும் வெளியே வந்தது. அதுவரை ஏறக்குறைய ஐந்து அடி உயரத்துக்குப் பீற் மண் அவற்றின் அடியை மூடியிருந்தது. சிறுவன் மெக்கென்சி இந்தக் கற்களைக் கண்டிருந்தாலும், பாதி புதைந்த நிலையிலேயே கண்டிருப்பார்.

அங்கிருந்து சற்று வடக்கே கார்லோவே. ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழைமையுள்ள வட்டக் கோபுரம் ஒன்று, ஒரு பக்கம் இடிந்து, மறுபக்கம் முப்பது அடி உயரத்துக்கு நிற்கிறது. சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. கல்லின் மேல் கல் மட்டுமே. சுவர்கள் இரண்டு, இடையே படிக்கட்டு.

இன்னும் வடக்கே ஆர்னோல் கிராமத்தில் ஒரு கறுப்பு வீடு. தடித்த கற்சுவர், மேலே புற்கரணையும் வைக்கோலும், கூரை பறக்காதபடி கயிறு போட்டுக் கல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். புகைபோக்கி கிடையாது. நடுத்தரையில் பீற் நெருப்பு. ஒரு பக்கம் குடும்பம். அதே கூரையின் கீழ் மறுபக்கம் மாடு. கூரையிலே படிந்த கரியை இடைக்கிடை இறக்கி வயலுக்கு உரமாகப் போட்டார்கள். வறுமையிலும் எதையும் வீணாக்காத சனம். 1960களின் நடுப்பகுதிவரை இந்த வீட்டில் ஆட்கள் குடியிருந்தார்கள் என்று அறிந்தபோது வியந்துபோனேன்.

தென்மேற்கே ஊயிக் என்ற பகுதி. அகன்ற வெண்மணற் பரப்பு. அங்கேதான் 1831இல் மணலுக்குள் இருந்து சதுரங்கக் காய்கள் வெளிப்பட்டன. வோல்றஸ் என்னும் விலங்கின் தந்தத்திலும் திமிங்கிலப் பல்லிலும் செதுக்கப்பட்டவை, பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரியவை. கன்னத்தில் கைவைத்துக் கவலைப்படும் அரசி. வெறியில் தன் கேடயத்தையே கடிக்கும் காவலன். நம்மவர் நாட்டில் பிறந்த விளையாட்டு, பாரசீகமும் அரபு நாடும் கடந்து, இந்தக் குளிர்க் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது! கண்டெடுத்த 93 பொருள்களில் 82 இலண்டனில், 11 எடின்பரோவில். ஆறு காய்கள் மட்டும் பிரித்தானிய நூதனசாலையிலிருந்து இரவலாக ஸ்டோர்னோவேக்கு வந்துள்ளன.

அவற்றைப் பார்க்க மூன்றாம் நாள் லூஸ் மாளிகைக்குப் போனோம். 1844இல் தீவையே விலைக்கு வாங்கிய சேர் ஜேம்ஸ் மதீசன் கட்டிய மாளிகை இது. சீனாவுக்கு அபின் விற்றுச் சேர்த்த பணம். கலனிஷ் கற்களை மூடியிருந்த மண்ணை அகற்றுவித்தவரும் இவரே. அவர் காலத்திலேதான், 1851 தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், 1,700க்கும் மேற்பட்ட தீவு மக்கள் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து, பசியும் வாடகைப் பாக்கியும் சேர்ந்திருந்த காலம். கற்களுக்கு விடுதலை கிடைத்தது, மனிதர்களுக்கு வெளியேற்றம். 2016 முதல் மாளிகையோடு சேர்ந்தாற்போல நூதனசாலை இயங்குகிறது. மெக்கென்சி சேர்த்த பொருள்கள் சில 2017இல் இங்கே கொண்டுவந்து காட்டப்பட்டன. அவர் திரும்பாவிட்டாலும் அவர் தேட்டம் சிறிது காலம் ஊர் பார்த்துப் போயிற்று.

அன்று மாலை, நாம் தங்கியிருந்த வீட்டு அம்மையார், எங்கெங்கே போனீர்கள் என்று விசாரித்தார். வழிகாட்டிப் புத்தகத்தில் குறித்ததெல்லாம் பார்த்தாயிற்று என்றேன் பெருமையாக. ஹோம் முனைக்குப் போனீர்களா என்று கேட்டார். இல்லையென்றேன். அவர் வேறொன்றும் சொல்லாமல் எங்களைத் தம் காரிலே கூட்டிச் சென்றார்.

கப்பலிலிருந்து கண்ட அதே பாறைகள்! முதல் உலக யுத்தம் முடிந்து, கடற்படையினரான தீவின் பிள்ளைகள் புதுவருடத்துக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். 1918 டிசம்பர் 31 இரவு, கைல் துறைமுகத்தில் ஏறக்குறைய 280 பேரை ஏற்றிக்கொண்டு ‘அயலேர்’ என்ற கப்பல் புறப்பட்டது. கேலிக் மொழியில் கழுகு என்று பொருள். வீடுகளில் விளக்கெரிந்தது, அடுப்பில் பீற் கனன்றது. விடியப் புறம் இரண்டு மணியளவில், துறைமுகத்துக்கு ஒரு மைல்கூட இல்லாத தூரத்தில், கப்பல் இந்தப் பாறைகளில் மோதியது. கரைக்கு இருபது யார்தான். ஜோன் மக்லியோட் என்பவர் ஒரு கயிற்றோடு நீந்திக் கரையேறினார். அந்தக் கயிற்றைப் பற்றி நாற்பது பேரளவில் தப்பினார்கள். இறந்தோர் குறைந்தது 201 பேர். நாலு வருடப் போரில் சாகாதவர்கள், வீட்டு விளக்கு தெரியும் தூரத்தில் மாண்டார்கள்.

அம்மையாரின் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். ஆனால் தம் வீட்டில் பாட்டி அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை என்றார். தீவு முழுவதும் அப்படித்தானாம். இங்கே நினைவுக்கல் எழுந்ததே 1958இல். தப்பியவர்கள் சிலரின் குரலை வானொலிக்காரர் ஒருவர் பதிவுசெய்ததும் அந்தப் பத்தாண்டின் இறுதியிலேதான். நாற்பது வருட மௌனம்!

நேயர்களே, அந்தக் காற்றில் நிற்கும்போது ஓர் எண்ணம் வந்தது. இந்தத் தீவில் பிறந்த ஒருவர் கடல்கடந்து போய், நம் முதியவர்களிடம் ‘உங்கள் ஊரில் என்ன நடந்தது?’ என்று கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். அவருடைய சொந்தத் தீவிலோ, பெருந்துயரம் நடந்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமற் போயிற்று. பீற் மண் கல்லை மூடியது போல மௌனம் துயரத்தை மூடியது. மண்ணை அகற்றினால் கல் நிற்கும். மனிதர் போய்விட்டால் குரல் நிற்குமா?

ஆகவே லூயிஸுக்குப் போகிறவர்கள் கற்களையும் காய்களையும் கட்டாயம் பாருங்கள். ஹோம் முனைக்கும் போய்ச் சற்று நேரம் நில்லுங்கள். போக வசதியில்லாதவர்களுக்கும் ஒரு காரியம் உண்டு. உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவர் இருப்பார். அருகில் இருந்து அவரிடம் கேளுங்கள். கேட்டதை எழுதிவையுங்கள்.