பழைய ரிசீவரும் ஜொகூரின் வானொலி வரலாறும்



பள்ளி விடுமுறையில் வீட்டைத் துப்புரவு செய்யும்போது முதலில் வெளியேற்றப்படுபவை பழைய மின்பொருள்களே. அவற்றுள் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. வானொலி அலையைப் பிடிக்கும் டியூனரும், அதனைப் பெருக்கி இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பும் ஆம்பிளிஃபயரும் ஒரே பெட்டியில் அமைந்த கருவியை ஸ்டீரியோ ரிசீவர் என்பர். வெள்ளி நிற முகப்பும் கனத்த குமிழ்களும் மரப்பெட்டியுமாக 1970-களில் வீட்டு முன்கூடங்களில் வீற்றிருந்த கருவி அது.

இந்நாட்டின் வானொலி வரலாறு தொடங்கியதே நம் ஜொகூரில்தான் என்பதை நம்மில் பலர் அறியோம். 1921-ஆம் ஆண்டு, ஜொகூர் அரசில் மின்துறை அதிகாரியாக இருந்த ஏ. எல். பர்ச் என்பவர் முதல் வானொலிக் கருவியை இந்நாட்டிற்குக் கொண்டுவந்தார். பின்னர் ஜொகூர் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தை நிறுவி, 300 மீட்டர் அலைநீளத்தில் ஒலிபரப்பத் தொடங்கினார். 300 மீட்டர் என்பது 1000 கிலோஹெர்ட்ஸ். பழைய ரிசீவரின் ஏ.எம். அளவுகோலில் ஏறக்குறைய நடுவில் 100 என்று சுருக்கி அச்சிட்டிருப்பார்களே, அந்த இடம்! வரலாற்றுப் பாடத்தில் மாணவரின் விரலை வைத்துக் காட்டத் தக்க இடம் அது.

அதன்பின் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆர்வலர் சங்கங்கள் தோன்றின. 1937-இல் சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றிலிருந்து பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஐந்தே ஆண்டுகளில் ஜப்பானியர் ஆட்சி வந்தது. அயல்நாட்டுச் செய்தியைச் சிற்றலையில் கேட்பது கொடிய தண்டனைக்குரிய குற்றமாயிற்று. பேராக் மாநிலத்துப் பாப்பான் சிற்றூரில், தமிழ் மருத்துவர் ஒருவரின் துணைவியாரான சிபில் கார்த்திகேசு, பிபிசி செய்தி கேட்பதற்காக வானொலிப் பெட்டியை மறைத்து வைத்திருந்தார். எதிர்ப்புப் படையினருக்கு மருத்துவமும் செய்தார். 1943-இல் பிடிபட்டுச் சொல்லொணாச் சித்திரவதைக்கு ஆளானார். போருக்குப் பின் ஜார்ஜ் பதக்கம் பெற்றபோதிலும், அக்காயங்களிலிருந்து மீளாமல் 1948-இல் மறைந்தார். ஒரு பெட்டியின் விலை என்ன என்று எவரேனும் என்னிடம் கேட்டால் அந்த அம்மையார்தாம் நினைவுக்கு வருகிறார்.

1946 ஏப்ரல் முதல் நாள் ரேடியோ மலாயா தோன்றியது. 1948-இல் அவசரகாலம் தொடங்கிய பின், அரசு தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பரப்புரையே அதன் நோக்கம். லயத்து மக்கள் காத்திருந்ததோ திரைப்பாடலுக்கு! மின்சாரமில்லாத லயங்களுக்குள் வானொலி தனி உடைமையாக நுழைந்தது, மின்கலத்தில் இயங்கும் டிரான்சிஸ்டர் வந்த பிறகே. நகரங்களிலோ ரீடிஃபியூஷன் பெட்டி கம்பி வழியே பாடிற்று. அதில் நிலையம் தேடும் முள்ளே கிடையாது. கொடுத்ததைக் கேட்க வேண்டியதுதான்.

முள்ளை நகர்த்தித் தேடும் இன்பத்தின் உச்சமே ஸ்டீரியோ ரிசீவர் எனலாம். 1961-இல் அமெரிக்கா ஏற்ற முறைப்படி, பண்பலை நிலையம் 19 கிலோஹெர்ட்ஸ் அடையாள ஒலி ஒன்றையும் சேர்த்து அனுப்பும். ரிசீவர் அதனைக் கண்டறிந்தவுடன் முகப்பில் சிறு விளக்கு ஒளிரும். ஓசை இடம் வலமாகப் பிரியும். பயனியர், சான்சுயி, மராண்ட்ஸ் முதலிய நிறுவனங்கள் ஆற்றலில் ஒன்றையொன்று முந்தின. 1978-இல் வந்த பயனியர் எஸ்எக்ஸ்-1980 ஒவ்வொரு பக்கத்திற்கும் 270 வாட் தந்தது. எந்தக் கூடத்திற்கு அத்தனை ஓசை தேவை என்று எனக்குப் புரிந்ததில்லை. சேகரிப்போர் இன்று தேடி அலைவது இவற்றைத்தான்.

வாங்க விரும்புவோருக்குச் சில சொற்கள். ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கென்று செய்யப்பட்டவை 100 வோல்ட்டில் இயங்குபவை. நம் வீட்டு மின்சாரம் அதனினும் இருமடங்கிற்கு மேல். நேரே செருகினால் மின்மாற்றி கருகிவிடும். அவற்றின் பண்பலை அளவுகோலும் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். ஜொகூர் பாருவில் நாம் கேட்டு மகிழும் சிங்கப்பூர் ஒலி 96.8 அதற்குள் அகப்படாது. வெளிநாட்டு விற்பனைக்கு வந்தவற்றில் பலவற்றின் பின்புறம் மின்னழுத்தம் மாற்றும் திருகு இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பல்லாண்டு உறங்கிய கருவியில் மின்தேக்கிகள் உலர்ந்திருக்கும். அனுபவமுள்ள தொழில்நுட்பர் ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்துச் சோதிப்பார்: பல்பு ஒருகணம் மின்னி மங்கினால் நன்று, மங்காமல் எரிந்தால் உள்ளே பழுது. பிள்ளைகளைத் திறக்க விடாதீர்கள்; மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.

நிற்க. சேகரிப்போர் கீறலற்ற முகப்பையே விரும்புவர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

என் தந்தையார் குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாகப் பணிபுரிந்தவர். தவணையில் வாங்கிய ரிசீவரின் கண்ணாடியில், தமிழ் ஒலிபரப்பு வரும் இடங்களிலெல்லாம் அம்மா சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்திருந்தார். அப்பா இல்லாத வேளையில் எண் படிக்கத் தெரியாத பாட்டியும் நிலையத்தைப் பிடிக்க வேண்டுமே! 1996-இல் வீடு மாறியபோது அதனைப் பழைய இரும்புக் கடையில் பதினைந்து வெள்ளிக்கு விற்றவன் நானே. எங்கள் தோட்டத்து மக்கள் எதைக் கேட்டனர் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே எழுத்துச் சான்று அந்தப் புள்ளிகள்தாம். வரலாறு கற்பிப்பவன் செய்த வேலை இது.

சில ஆண்டுகளுக்குப் பின் ஜொகூர் பாருவின் பாசார் காராட்டில் ஒரு ரிசீவரைக் கண்டேன். காராட் என்றால் மலாயில் துரு. பெட்டியின் ஒரு மூலை உடைந்திருந்தது. கண்ணாடியிலோ மூன்று புள்ளிகள், மஞ்சள் நிறத்தில்! விலை பேசாமல் வாங்கிவந்தேன். ஏ.எம். அளவுகோலில் இருக்கும் இரண்டு புள்ளிகளில் முள்ளை நிறுத்தினால் இன்று தமிழ் ஏதும் இல்லை, இரைச்சல்தான். அவை எந்த நிலையங்கள் என்று பழைய நேயர்களிடம் விசாரித்து வருகிறேன். மூன்றாவது புள்ளி பண்பலையில், 96-க்கும் 98-க்கும் இடையில் உள்ளது. அங்கே முள்ளை வைத்தால் சிவப்பு விளக்கு இன்றும் எரிகிறது.