ஜெர்மன்டனில் தரைதட்டிய கப்பல்

சிட்னியிலிருந்து மெல்போர்ன் போகும் வழியில், ஆல்பரிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது ஹோல்புரூக். ஆடு மாடு மேயும் பூமி. கடல் பல மணி நேரப் பயணம். அந்த ஊர்ப் பூங்காவின் புல்தரையில் 90 மீட்டர் நீளத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கிறது. பெயர் ஆட்வே.

இது இங்கே வந்த கதை, ஒரு கோபத்தில் தொடங்குகிறது.

ஊரின் பழைய பெயர் ஜெர்மன்டன். விடுதி நடத்திய ஒரு ஜெர்மானியரால் வந்த பெயர். 1914-இல் போர் மூண்டதும் அந்தப் பெயர் முள்ளாகக் குத்தியது. அந்த டிசம்பர் 13 அன்று, 26 வயது நார்மன் ஹோல்புரூக், பி-11 என்ற பழைய பிரிட்டிஷ் நீர்மூழ்கியை டார்டனெல்ஸ் நீரிணைக்குள் செலுத்தினார். பெட்ரோல் இன்ஜினில் ஓடிய, அப்போதே வயதாகிவிட்ட படகு அது. ஐந்து வரிசைக் கண்ணிவெடிகளுக்கு அடியில் புகுந்து, துருக்கியின் மெசூதியே போர்க்கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்தார். திசைகாட்டியின் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது, குத்துமதிப்பாகத்தான் திரும்பினார்கள். நீருக்குள் ஒன்பது மணி நேரம்! விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் நீர்மூழ்கி வீரர் அவரே.

1915-இல் ஜெர்மன்டன், ஹோல்புரூக் ஆனது. அப்படி ஓர் ஊர் இருப்பதே அவருக்கு அதுவரை தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். 1956-இல் நேரில் வந்து பார்த்தார், பிறகும் வந்தார். 1976-இல் காலமானார்.

ஆஸ்திரேலியக் கடற்படை ஆட்வேக்கு ஓய்வு கொடுத்தது 1994-இல். முதலில் ஊருக்குக் கிடைத்தது கப்பலின் கோபுரம் மட்டும். ஊர்க்காரர்களுக்கு ஆசை அடங்கவில்லை. முழுக் கப்பலுக்கே வசூலில் இறங்கினார்கள். ஹோல்புரூக்கின் மனைவி குண்டுலா ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தந்தார். அப்படியும், நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் வெளிக்கூட்டை வாங்கத்தான் பணம் போதுமானதாக இருந்தது. எனவே உள்ளே தேடினால் இன்ஜினும் இல்லை, டார்பிடோவும் இல்லை. 1997 ஜூனில் திறப்பு விழா நடந்தது.

குண்டுலா ஆஸ்திரியாவில் பிறந்தவர், தாய்மொழி ஜெர்மன். ஜெர்மன் பெயரை உதறிய ஊருக்கு, அந்த மொழி பேசிய பெண்மணியின் பணத்தில்தான் நினைவுச் சின்னம் எழும்பியது. வரலாற்றுக்கு இந்தக் குறும்பு உண்டு.

ஹியூம் நெடுஞ்சாலையில் புறவழிச்சாலை கிடைத்த கடைசி ஊர் ஹோல்புரூக். 2013-இல் அது திறந்த பிறகு வாகனங்கள் வெளியே பறந்துவிடுகின்றன. ஆட்வேயைப் பார்க்க வேண்டுமென்றால் ஊருக்குள் வண்டியைத் திருப்பியாக வேண்டும்.