32,768 திறப்புகள்

போன கிழமை பத்தாம் தரப் பிள்ளை ஒருவர் கேட்டார்: "சேர், இணையத்தில பூட்டு இருக்கு எண்டா திறப்பு எங்க இருக்கு?" வகுப்பில் சொன்ன பதிலை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

தூரத்திலுள்ள சேர்வருக்குள் நுழைபவர்கள் கறுப்புத் திரையில் 'எஸ்எஸ்எச்-கீஜென்' என்று ஒரு கட்டளை அடிப்பார்கள். இரண்டு கோப்புகள் உருவாகும். ஒன்று பொதுத் திறப்பு, யாருக்கும் கொடுக்கலாம். மற்றது தனித் திறப்பு. யாருக்கும் காட்டக் கூடாது. அதை யாரும் ஊகிக்காமல் இருக்க, கணினி எழுமாறாக எண்களை எடுக்க வேண்டும். முழுப் பாதுகாப்பும் அதில்தான் தங்கியிருக்கிறது.

2006 செப்டெம்பரில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் பிழை நுழைந்தது அந்த இடத்தில்தான். திறப்புச் செய்ய உதவும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளைப் பரிசோதித்த கருவி, பெறுமதி இடப்படாத நினைவகம் பயன்படுகிறது என்று எச்சரித்தது. எச்சரிக்கையை நிறுத்த, அதைப் பராமரித்தவர் இரண்டு வரிகளை முடக்கினார். கெட்ட எண்ணம் இல்லை. ஓபன்எஸ்எஸ்எல் குழுவினரிடம் முதலில் கேட்டும் பார்த்தார். ஆனால் எழுமாற்றுத் தரவைக் கலக்கும் வரியும் அதோடு போய்விட்டது. மிஞ்சியது, ஓடும் நிரலுக்குக் கணினி கொடுக்கும் இலக்கம் மட்டும். அது அப்போது வழமையாக 32,768ஐத் தாண்டியதில்லை.

கணக்குப் பாருங்கள். பயணப் பெட்டியில் உள்ள நான்கு இலக்கப் பூட்டுக்கே 10,000 சேர்க்கைகள் உண்டு. உலகத்தின் சேர்வர்களைக் காத்த திறப்பு அதைவிட மூன்று மடங்குதான் பெரிது! ஒரே வகைக் கணினியில் ஒரே நீளத்தில் வரக்கூடிய எல்லாத் திறப்புகளையும் முன்கூட்டியே செய்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்.

டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவுக்கும் இது பரவியது. லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடிக்க, 2008 மே 13 அன்று டெபியன் பகிரங்கமாக அறிவித்தது. மென்பொருளைத் திருத்தியது மட்டும் போதவில்லை. அந்தக் காலத்தில் செய்த திறப்புகளை எல்லாம் எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அவற்றை வேறு கணினிகளில் பதிந்திருந்தால், அங்கும் கதவு திறந்தே கிடந்தது.

ஏன் இருபது மாதமாக யாருக்கும் தெரியவில்லை? திறப்பின் நீளம் சரி, பூட்டும் ஒழுங்காகத் திறந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

நம் பிள்ளைகளும் இன்று நிரல் எழுதுகிறார்கள். பிழைச் செய்தி வந்தால், அந்த வரியை அழித்துவிட்டு "சேர், இப்ப வேலை செய்யுது" என்கிறார்கள். வேலை செய்வது வேறு, சரியாக இருப்பது வேறு. ஒரு வரி எதற்காக அங்கே இருக்கிறது என்று விளங்காமல் அதில் கை வைக்க வேண்டாம். வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.