கண்ணப்பர் மண்ணில் ஒரு கண் மருத்துவ வரலாறு

கார்வேட்டிநகரமும் காளத்தியும் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்து ஜமீன்கள். பிறகு சித்தூர் மாவட்டம்; 1953இல் ஆந்திரம் பிரியும்வரை சென்னையோடுதான் இருந்தன. காளத்தி என்றாலே அம்பால் தம் கண்ணைத் தோண்டி அப்பிய கண்ணப்பர் நினைவுதான் நமக்கு வரும். அது பக்தி. நோயுற்ற கண்ணை மருத்துவர் எடுப்பது வேறு கணக்கு. எப்படி எடுப்பது என்பதிலேயே நெடுநாள் வாதம் உண்டு.

1583இல் ஜெர்மானியர் ஜார்ஜ் பார்ட்டிஷ் எழுதிய முறை கொடூரமானது. கண்ணில் நூல் கோத்து இழுத்து, கத்தியால் சுற்றி அறுப்பார்கள். மயக்கமருந்து ஏது அப்போ? 1841இல் பிரான்சின் போனே, அயர்லாந்தின் ஓஃபெரல் ஆகியோர், தசைகளை விழியை ஒட்டி வெட்டி, விழி உருண்டையை மட்டும் முழுசாக எடுக்கக் காட்டினர். இது எனூக்கிளியேஷன். மற்றது எவிசரேஷன்: நுங்கைத் தோண்டிக்கொண்டு கூட்டை விடுவதுபோல, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, வெள்ளைவிழி உறையைத் தசைகளோடு விட்டுவிடுவது. 1884இல் இங்கிலாந்தின் மியூல்ஸ் அந்த உறைக்குள் கண்ணாடி உருண்டை வைத்துத் தைத்தார். மேலே பொருத்தும் செயற்கைக் கண்ணும் ஓரளவு அசைந்தது.

அப்படின்னா எல்லாருக்கும் இரண்டாவதே போதுமே? அங்கேதான் சிக்கல். காயம்பட்ட கண்ணின் நிறத்திசுவை எதிர்க்கக் கிளம்பும் உடல், நல்ல கண்ணையும் கெடுத்துவிடுவதுண்டு. லூயி பிரெயில் 1812இல், மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டார்; சில ஆண்டுகளில் மறு கண்ணும் போயிற்று. இதுவே காரணம் என்பார் பலர். உறையில் ஒட்டிய துளித் திசு இந்த வினையைச் செய்துவிடுமோ என்று அஞ்சியே பலர் முழு விழியையும் எடுத்தார்கள். அது மிக அரிது என்று தெளிந்தபின் எவிசரேஷன் மீண்டும் ஓங்கியது.

நம் ஜமீன் கிராமத்தாருக்குப் பெரிய கண் ஆஸ்பத்திரி என்றால் நெடுங்காலம் சென்னையில் 1819இல் தொடங்கியதுதான். பின்னர் அது எழும்பூருக்கு வந்தது. நெல்லடிக்கும்போது உமி பட்டுப் புண்ணாகி, பூஞ்சை பிடித்துச் சீழ்வைத்த கண்கள் தென்னாட்டில் ஏராளம். அத்தகைய கண்ணை முழுசாக எடுத்தால் பார்வை நரம்பின் உறையையும் வெட்டவேண்டும். கிருமி மூளைக்கு ஏறிவிடுமோ என்ற பயம். ஆகவே கூட்டை விட்டுத் தோண்டுவதையே பலரும் விரும்பினர்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது: புற்று. குழந்தையின் கண்மணி போட்டோவில் பூனைக்கண்போல் வெள்ளையாக மின்னினால் உடனே காட்டவேண்டும். "வளர்ந்தா சரியாயிடும்" என்ற பேச்சு ஆகாது. 1809இலேயே எடின்பரோவின் வார்ட்ராப், இந்த நோயில் விழியைச் சீக்கிரம் எடுத்துவிடவேண்டும் என்று வாதாடினார். இன்று மருந்தும் லேசரும் பல பிள்ளைகளின் கண்ணைக் காக்கின்றன. முற்றிய விழியை மட்டும், பார்வை நரம்பைக் கூடியவரை நீளமாகச் சேர்த்து, திறக்காமல் முழுசாக எடுக்கிறார்கள். உறையைத் திறந்தால் புற்று வெளியே சிதறும். அதனால்தான் உள்ளே தெரியாத கண் என்றால், கட்டி இல்லை என்று ஸ்கேனில் உறுதியான பிறகே எவிசரேஷனுக்குக் கத்தி எடுப்பார்கள்.