மும்பை ஜின்னா மாளிகை: 70 வருஷத்துக்கு மேலாகியும் தீராத சொத்துத் தகராறு

மும்பை மலபார் ஹில்லில், மகாராஷ்டிர முதல்வரின் அதிகாரபூர்வ இல்லமான 'வர்ஷா'வுக்கு எதிரே பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது ஒரு மாளிகை. சுமார் இரண்டரை ஏக்கர், கடல் பார்த்த இடம். பாகிஸ்தானை உருவாக்கிய முகமது அலி ஜின்னா கட்டிய வீடு இது. அவர் வைத்த பெயர் 'சவுத் கோர்ட்'.

இங்கிலாந்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிய ஜின்னா, அங்கே இருந்த பழைய பங்களாவை இடித்துவிட்டு 1936இல் இதைக் கட்டினார். வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கிளாட் பேட்லி. இத்தாலிய மார்பிள், வால்நட் மர வேலைப்பாடு என எதிலும் கஞ்சத்தனம் இல்லை. செலவு சுமார் 2 லட்சம் ரூபாய், அந்தக் காலத்தில்! 1944 செப்டம்பரில் காந்தியும் ஜின்னாவும் பல நாட்கள் உட்கார்ந்து பேசியது இங்கேதான். அந்தப் பேச்சு தோற்றது.

1947 ஆகஸ்டில் ஜின்னா கராச்சிக்குப் போனார். ஆனால் வீட்டை விட மனசில்லை. பாகிஸ்தானுக்கான இந்தியாவின் முதல் தூதர் ஸ்ரீபிரகாசா (பின்னாளில் நம் சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர்) இதைப் பதிவு செய்திருக்கிறார். வீட்டைப் பறித்துவிட வேண்டாம் என்று நேருவிடம் சொல்லச் சொன்னாராம் ஜின்னா. அடுத்த வருடமே அவர் இறந்துவிட்டார். அதன்பின் 1980களின் தொடக்கம் வரை அங்கே வாடகைக்கு இருந்தது பிரிட்டிஷ் தூதரகம்.

அப்போ, வீடு யாருக்கு?

1939இல் ஜின்னா எழுதிய உயிலில் மும்பை வீடு தங்கை பாத்திமாவுக்கு. ஒரே மகள் தினாவுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் வரும்படி 2 லட்சம் ரூபாய் மட்டும். அதற்கு முந்தைய வருடம்தான் அப்பாவின் எதிர்ப்பை மீறி நெவில் வாடியாவைத் திருமணம் செய்திருந்தார் தினா. பிரிவினையின்போது பாத்திமா அண்ணனோடு போய்விட்டார், தினா போகவில்லை.

அரசின் வாதம் இதில்தான் நிற்கிறது: உயில்படி வீடு பாத்திமாவுடையது, அவர் நாட்டை விட்டுப் போனவர், எனவே இது 'வெளியேறியவர் சொத்து', அரசுக்கே சேரும். பலர் இதை 'எதிரி சொத்து' என்று எழுதுகிறார்கள். அது வேறு கணக்கு. அந்தச் சட்டம் 1968இல் வந்தது, போருக்குப் பின் பாகிஸ்தான், சீனக் குடிமக்கள் விட்டுச்சென்ற சொத்துகளுக்கானது. ஜின்னா வீட்டின் மீது பாய்ந்தது பிரிவினையை ஒட்டி வந்த பழைய சட்டம்.

2007இல் தினா மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். உயில் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்படவே இல்லை, அதனால் அது செல்லாது என்றார். ஜின்னா கோஜா ஷியா முஸ்லிம். கோஜாக்கள் வாரிசு விஷயத்தில் இந்து வழக்கத்தைப் பின்பற்றியவர்கள், ஆகவே ஒரே மகளான தனக்கே வீடு என்பது அவர் வாதம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்படிப்பட்ட வழக்காறுகளுக்குப் பதில் முஸ்லிம் தனிநபர் சட்டத்தைக் கொண்டுவந்த 1937 ஷரியத் சட்டத்தை, திருத்தங்களோடு ஆதரித்தவர் ஜின்னாவேதான்!

பங்குக்கு வந்த மற்றவர்கள்

துணைத் தூதரகம் வைக்க இந்த வீட்டைத் தரும்படி பாகிஸ்தான் பலமுறை கேட்டது, இந்தியா தரவில்லை. 2017இல் மும்பை பாஜக எம்எல்ஏ மங்கள் பிரபாத் லோதா, இதை இடித்துவிட்டுக் கலாசார மையம் கட்டச் சொன்னார். அதே வருடம் நவம்பரில் தினா நியூயார்க்கில் தன் 98ஆவது வயதில் காலமானார். தாயின் இடத்தில் வழக்கைத் தொடர, பாம்பே டையிங் குழுமத்தின் நுஸ்லி வாடியாவுக்கு 2018இல் நீதிமன்றம் அனுமதி தந்தது. அந்த வருடக் கடைசியில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் லோதாவுக்கு எழுதிய கடிதத்தில் அரசின் திட்டம் தெரிந்தது: வீட்டை வெளியுறவு அமைச்சகத்துக்கு மாற்றி, டெல்லி ஹைதராபாத் ஹவுஸ் போல வெளிநாட்டு விருந்தினர்களை வரவேற்கும் இடமாக்குவது.